துபாயில் ஜெயித்த கேஸை ஊரில் வசூலாக்குவது எப்படி?

துபாய் கோர்ட்டில் கேஸ் ஜெயித்தாகிவிட்டது. எதிராளி 2 லட்சம் திர்ஹாம் தர வேண்டும் என்று தீர்ப்பு. அவரோ அதற்குள் கடையை மூடி, விசாவை முடித்துக்கொண்டு, தஞ்சாவூர்ப் பக்கம் வீடு கட்டிக் குடிபோய்விட்டார். கையில் இருக்கும் அரபுத் தாளை வைத்து இங்கே பணம் வாங்க முடியுமா?

முடியும். துபாய் நீதிபதியின் உத்தரவு தஞ்சாவூர் அமீனாவை, அதாவது உத்தரவை நிறைவேற்றும் கோர்ட் ஊழியரை, நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அதற்கு இந்தியக் கோர்ட் ஒன்று இடையில் வந்து, இதை என் தீர்ப்பாகவே நினைத்து நிறைவேற்றுகிறேன் என்று சொல்ல வேண்டும். அங்கே கேஸ் போடும்போதே இதை மனதில் வைத்திருந்தால் பாதி வேலை மிச்சம். பலர் ஜெயித்த பிறகுதான் கேட்கிறார்கள்.

படி 1: எந்த வாசல் வழியாகப் போவது?

வெளிநாட்டுத் தீர்ப்புக்கு இங்கே இரண்டு வாசல் உண்டு. எது உங்களுக்கு என்பது தீர்ப்பு எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்தது.

இந்த விஷயத்தில் நம்மோடு கொடுக்கல் வாங்கல் உள்ள நாடு என்று மத்திய அரசு அரசிதழில் அறிவித்திருந்தால், சிவில் நடைமுறைச் சட்டம், அதாவது சி.பி.சி., 44ஏ பிரிவின்படி நேராக நிறைவேற்றல் மனு போடலாம். கோர்ட் வட்டாரத்தில் இதை ஈ.பி. என்பார்கள். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, நியூசிலாந்து, வங்கதேசம், ஹாங்காங் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2020 ஜனவரி 17-ஆம் தேதி அறிவிப்பில் சேர்ந்தது. துபாய் கோர்ட்டுகளும், ஆங்கிலத்திலேயே நடக்கும் டி.ஐ.எஃப்.சி. (துபாய் சர்வதேச நிதி மையம்) கோர்ட்டும் அதில் அடக்கம்.

பட்டியலில் இல்லாத நாடுகளும் நிறைய. அமெரிக்கா, இலங்கை, சவூதி எதுவும் இல்லை. அந்த நாட்டுத் தீர்ப்பு என்றால், அதையே ஆதாரமாக வைத்து இங்கே புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டும். தீர்ப்புத் தேதியிலிருந்து 3 வருடத்துக்குள் போட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணமாகக் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கட்ட வேண்டியிருக்கும். ஈ.பி.க்கு அந்தச் செலவு இல்லை.

இன்னொன்று: 44ஏ என்பது பணம் தரச் சொல்லும் தீர்ப்புக்கு மட்டும். வரி, அபராதம், தண்டனைத் தொகை இதில் வராது. ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் கொடுக்கும் தீர்ப்புக்குச் சட்டமே வேறு.

படி 2: தீர்ப்பை எதிர் வக்கீலின் கண்ணால் படியுங்கள்

இதுதான் முக்கியமான படி. இங்கே நிதானமாக இருங்கள்.

சி.பி.சி. 13-ஆம் பிரிவு வெளிநாட்டுத் தீர்ப்பை ஏற்கக் கூடாத ஆறு காரணங்களைச் சொல்கிறது. அதிகாரம் இல்லாத கோர்ட் கொடுத்தது, வழக்கின் சாரத்தைப் பார்க்காமல் கொடுத்தது, சர்வதேசச் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது அல்லது பொருந்த வேண்டிய இந்தியச் சட்டத்தை ஒதுக்கியது, எதிராளிக்கு வாய்ப்புத் தராதது, மோசடியால் வாங்கியது, இந்தியச் சட்டத்தை மீறிய கோரிக்கையை ஏற்றது. இதில் ஒன்று நிரூபணமானாலும் ஈ.பி. தள்ளுபடி.

நடைமுறையில் ஆளைக் கவிழ்ப்பது இரண்டாவது காரணம்தான். எதிராளி வரவில்லை, அதனால் கேட்டதைக் கொடு என்று அங்கே ஒரு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வாங்கியிருப்பீர்கள். சுலபமாகக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். இன்டர்நேஷனல் ஊலன் மில்ஸ் வழக்கில் 2001-இல் நம் உச்ச நீதிமன்றம் பார்த்தது அப்படிப்பட்ட ஓர் ஆங்கிலேயக் கோர்ட் தீர்ப்பைத்தான். சாட்சியம், ஆவணம் எதையும் பரிசீலித்ததாகத் தெரியவில்லை, இது சாரத்தைப் பார்த்துக் கொடுத்த தீர்ப்பு அல்ல என்று சொல்லி நிறைவேற்ற மறுத்துவிட்டது. எதிராளி வராமல் போனது மட்டுமே குறை ஆகிவிடாது. வராவிட்டாலும் ஆதாரத்தைப் பார்த்து, காரணம் எழுதிக் கொடுத்த தீர்ப்பு இங்கே நிற்கும்.

எனவே தாளில் மூன்று இடங்களைத் தேடுங்கள். எதிராளிக்கு சம்மன் எப்படிச் சேர்ந்தது என்ற வரி. எந்த ரசீது, எந்த ஒப்பந்தம், எந்தக் கணக்கைக் கோர்ட் பார்த்தது என்ற வரி. ஏன் இவ்வளவு தொகை என்ற காரணம். துபாய் கோர்ட்டுகள் கணக்கு வழக்குகளில் நிபுணர் ஒருவரை நியமித்து அறிக்கை வாங்குவது வழக்கம். அந்த அறிக்கை உங்கள் தீர்ப்பில் பேசப்பட்டிருந்தால் அது பெரிய பலம்.

செக் கேஸ்காரர்கள் இதைக் கவனியுங்கள். 2022 ஜனவரியிலிருந்து அமீரகத்தில் பணமில்லாமல் திரும்பிய செக்கை நேராக நிறைவேற்றல் நீதிபதியிடமே கொண்டுபோகலாம். அங்கே அது வேகமான வழி. ஆனால் ஆள் ஊருக்கு ஓடிவிடுவார் என்று தோன்றினால் அந்த வேகமே இங்கே வினையாகும். வழக்கே நடக்கவில்லை, இது தீர்ப்பே இல்லை என்று எதிர் வக்கீல் எழுந்து நிற்பார். மெனக்கெட்டு முழு வழக்கு நடத்தி, காரணம் எழுதிய தீர்ப்பு வாங்குவதே என் பார்வையில் புத்திசாலித்தனம்.

படி 3: காலக்கெடு

உள்ளூர் டிக்ரிக்கு, அதாவது இந்தியக் கோர்ட்டின் தீர்ப்பாணைக்கு, நிறைவேற்ற 12 வருட அவகாசம் உண்டு. அந்தக் கணக்கை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். லண்டனில் 1995-இல் வாங்கிய தீர்ப்பை ஒரு வங்கி 2009-இல் பெங்களூருக்குக் கொண்டுவந்தது. தீர்ப்புக் கொடுத்த நாட்டில் என்ன காலக்கெடுவோ அதுதான் செல்லும், அங்கே 6 வருடம், காலம் கடந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. பேங்க் ஆஃப் பரோடா எதிர் கோடக் மகிந்திரா வழக்கு அது. அங்கேயே நிறைவேற்ற முயன்று, பணம் முழுதாக வராமல் அந்த நடவடிக்கை முடிந்திருந்தால், முடிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் இங்கே வரலாம் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

ஆகவே, துபாய் வக்கீலிடம் காலக்கெடுவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தி போதாது.

படி 4: தாள்கள்

துபாய் கோர்ட்டிலிருந்து இரண்டு தாள் கட்டாயம். ஒன்று, தீர்ப்பின் சான்றிட்ட நகல். இன்னொன்று, இதுவரை எவ்வளவு வசூலானது, எவ்வளவு பாக்கி என்று அதே கோர்ட் தரும் சான்றிதழ். இரண்டாவதைத்தான் எல்லோரும் மறந்துவிட்டு வருகிறார்கள். அது இல்லாமல் 44ஏ மனு நகராது.

தீர்ப்பு இறுதியானது, அப்பீல் ஏதும் நிலுவையில் இல்லை என்ற தாளும் இருந்தால் நல்லது. சம்மன் சேர்ந்ததற்கான ஆதாரத்தையும் அங்கிருந்தே எடுத்து வாருங்கள். பின்னால் அதற்காக மட்டும் டிக்கெட் போட வேண்டியிருக்கும்.

எல்லாம் அரபியில் இருக்கும். அமீரக நீதி அமைச்சகத்தின் உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றுங்கள். அப்புறம் அந்நாட்டு வெளியுறவு அமைச்சக முத்திரை, அடுத்து துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரக முத்திரை. பெயரின் எழுத்தைச் சரிபார்க்காமல் வாங்காதீர்கள். 'முகமது' அரபியிலிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது நாலு விதமாக வரும். இங்கே பத்திரத்தில் ஐந்தாவது விதமாக இருக்கும். பாஸ்போர்ட் எண் தீர்ப்பில் இருந்தால் தப்பித்தீர்கள்.

படி 5: மனு போடும் முன்பே சொத்தைத் தேடுங்கள்

44ஏ மனுவுக்குக் கோர்ட் கட்டாயம் எதிராளிக்கு நோட்டீஸ் அனுப்பும், சி.பி.சி. ஆணை 21, விதி 22 அப்படிச் சொல்கிறது. நோட்டீஸ் கைக்குப் போன மறுநாள் வீடு மைத்துனர் பேருக்குப் போய்விடும். அதனால் முதலில் சத்தமில்லாமல் தேடுங்கள். பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வருவாய்த் துறை தளத்தில் சர்வே எண் கொடுத்தால் பட்டா யார் பேரில் என்று தெரியும். பணம் வந்து போன வங்கிக் கணக்கு விவரம் பழைய பரிவர்த்தனைகளில் இருக்கும், அதையும் எடுத்து வையுங்கள்.

சொத்தைக் கைமாற்றப் பார்க்கிறார் என்பதற்கு ஆதாரம் இருந்தால், நோட்டீஸ் இல்லாமலே ஜப்தி உத்தரவு கேட்கலாம். காரணத்தை எழுதிவைத்து உத்தரவு போட நீதிபதிக்கு அதே விதியில் இடம் உண்டு.

படி 6: ஈ.பி. போடுவது

முன்சீப் கோர்ட்டுக்கோ சப் கோர்ட்டுக்கோ போக வேண்டாம். 44ஏ மனு மாவட்ட கோர்ட்டில்தான். மனுவில் பாக்கித் தொகை, வட்டி, ரூபாய் மதிப்பு எந்த நாள் கணக்கில், எந்த வழியில் வசூலிக்கக் கேட்கிறீர்கள், சொத்தின் நான்கு எல்லை உட்பட விவரம் எல்லாம் வேண்டும்.

எதிராளி ஆஜராகி 13-ஆம் பிரிவை எடுத்து வாதாடுவார். இந்தச் சண்டையில் வாய்தா மேல் வாய்தா போகும். ஈ.பி.யை 6 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் ராகுல் ஷா வழக்கில் சொல்லியிருக்கிறது. உங்கள் வக்கீல் அதை அவ்வப்போது நினைவுபடுத்தட்டும்.

எதிராளிக்கு ஓசூர் தாண்டி பெங்களூரிலும் ஒரு மனை இருக்கிறதா? தஞ்சாவூர் கோர்ட் தன் எல்லைக்கு வெளியே கை நீட்ட முடியாது. 39-ஆம் பிரிவில் டிக்ரியை அங்கே மாற்றச் சொல்லி மனு போட வேண்டும். உள்ளூர் டிக்ரியை வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோவதும் இதே வழிதான்.

படி 7: ஜப்தி, ஏலம்

பேட்டா, அதாவது அமீனாவின் படிப்பணம், கட்டியதும் அவர் கிளம்புவார். நிலம், வீடு என்றால் ஊரில் தமுக்கு அடித்துச் சொல்லி, உத்தரவின் நகலைச் சொத்தில் கண்ணில் படும் இடத்திலும் கோர்ட்டிலும் ஒட்டுவார்கள். நீங்களும் கூடப் போய் வாசலைக் காட்டுங்கள், 'விலாசம் காணவில்லை' என்று தாள் திரும்பி வராமல் இருக்க. ஜப்தி வில்லங்கத்தில் ஏறிவிட்டதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஜப்தி செய்ய முடியாது. சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, கைத்தொழில் செய்பவரின் கருவி, விவசாயி குடியிருக்கும் வீடு எல்லாம் 60-ஆம் பிரிவில் விலக்கு. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது.

ஜெயிலில் போடச் சொல்லலாமே என்பார்கள். பணம் இருந்தும் வேண்டுமென்றே தராமல் ஏமாற்றுகிறார் என்று காட்டினால்தான் அது நடக்கும். இல்லாமைக்காக ஜெயில் கிடையாது என்று 1980-இலேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தீர்ந்துவிட்டது.

படி 8: பணம் வந்தால்

ஏலத் தேதி குறித்தவுடன் பெரும்பாலும் சமாதானத் தூது வரும். கோர்ட்டுக்கு வெளியே கையில் வாங்கினால், வாங்கிய தொகையைக் கோர்ட்டில் பதிவு செய்துவிடுங்கள். பதிவாகாத தொகையை நிறைவேற்றும் கோர்ட் கணக்கில் எடுக்காது. பிறகு கொடுத்தேன், வாங்கவில்லை என்று புதிய சண்டை தொடங்கும். முழுப் பணமும் வந்தபின் துபாய் கோர்ட்டிலும் தகவல் கொடுத்து, அங்கே அவர் பேரில் பயணத் தடை ஏதும் வாங்கியிருந்தால் எடுத்துவிடுங்கள்.