நிலைய முகவராகப் பணியில் சேர்பவர் பழகிக்கொள்ள வேண்டியவை

ரயில், மெட்ரோ, பேருந்து என எதுவாக இருந்தாலும், பயணி நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்கக்கூடிய முதல் ஆள் நிலைய முகவர்தான். பயணச்சீட்டு விற்பது, வழி சொல்வது, அறிவிப்புச் செய்வது, நடைமேடையைக் கவனிப்பது என்று வேலை பலவாகத் தெரிந்தாலும், அவை எல்லாவற்றிலும் கைமாறுவது தகவல்தான். பயணி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு உரியவரிடம் உடனே சேர்ப்பதும், கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் செய்தியைப் பயணிக்கு விளங்கும்படி சொல்வதும் கைவந்துவிட்டால், மற்றவை நாளடைவில் பழகிவிடும்.

பணி தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னதாகவே வந்து, முந்தைய ஷிஃப்டில் இருந்தவரிடம் பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். பதிவேட்டைப் படிப்பதோடு நிறுத்தாமல், அவரிடம் நேரிலும் விசாரியுங்கள். ஏனென்றால், எந்த லிஃப்ட் நின்றிருக்கிறது, எந்தப் படிக்கட்டில் தண்ணீர் கசிகிறது, யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பவை எழுத்தில் ஏறாமல் போவதுண்டு. பிறகு கவுன்டரில் அமர்வதற்கு முன் நிலையத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். கண்ணால் பார்த்த ஒன்றைப் பற்றிப் பயணி கேட்கும்போது பதில் தயங்காமல் வரும்.

கல்லாவில் வைத்துத் தரப்படும் ஆரம்பச் சில்லறையை, ஒப்படைப்பவரின் முன்னிலையிலேயே எண்ணிக் கையெழுத்திடுங்கள். இதை நம்பிக்கையின்மை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. இருவருக்கும் அதுவே பாதுகாப்பு. இங்கிலாந்தில் ஒரு சிறிய ரயில் நிலையத்தின் பொறுப்பில் இருந்த தாமஸ் எட்மண்ட்சன், 1830களின் இறுதியில், வரிசை எண் அச்சிட்ட கெட்டி அட்டைப் பயணச்சீட்டை உருவாக்கினார். அதுவரை கையால் எழுதித் தரப்பட்ட சீட்டுகளில் எத்தனை விற்றன என்பதைச் சரிபார்ப்பதே பெரும்பாடாக இருந்தது. எண் வந்த பிறகு, ஷிஃப்டின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பார்த்தால் எவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. இன்று அந்த வேலையை இயந்திரம் செய்கிறது என்றாலும், கணக்கு முடிக்கும் முறையின் அடிப்படை மாறவில்லை.

பணம் வாங்கும்போது, பயணி கொடுத்த நோட்டை உடனே கல்லாவுக்குள் போட்டுவிடாதீர்கள். அதன் மதிப்பை வாய்விட்டுச் சொல்லி, மேசையின் மேல் அவர் பார்வையில் படும்படி வைத்து, மீதியை எண்ணிக் கொடுத்து, அவர் அதை எடுத்துக்கொண்ட பிறகே நோட்டை உள்ளே வையுங்கள். "நான் பெரிய நோட்டுதான் கொடுத்தேன்" என்ற தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பழக்கத்தாலேயே எழாமல் போகும்.

சீட்டை அச்சிடும் முன் ஊர், தேதி, ஆட்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பயணியிடம் திருப்பிச் சொல்லுங்கள். இவற்றில் தேதிதான் அதிகம் ஏமாற்றும். "சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டேகால் வண்டி" என்று ஒருவர் கேட்டால், கணினியில் அது ஞாயிற்றுக்கிழமை 00.15 மணி வண்டி. சனிக்கிழமைத் தேதியிட்டுச் சீட்டுக் கொடுத்தால், அவர் நிலையத்துக்கு வரும்போது அவருடைய வண்டி சென்று 24 மணி நேரம் ஆகியிருக்கும். பணியில் சேர்ந்த புதிதில் நானும் இந்தத் தவற்றைச் செய்தேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பம் அன்றிரவு முழுவதும் காத்திருப்பு அறையில் இருக்க நேர்ந்தது. அதற்குப் பிறகு நள்ளிரவை ஒட்டிய வண்டி என்றால், "சனிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறீர்களா, ஞாயிறு இரவா?" என்று கேட்காமல் நான் விசையைத் தொட்டதில்லை.

தாமதம் ஏற்படும்போதுதான் முகவரின் திறமை முழுமையாகச் சோதிக்கப்படுகிறது. "சிறிது நேரத்தில் வரும்" என்ற சொல்லை அறிவிப்பிலிருந்தே நீக்கிவிடுங்கள். எந்த வண்டி, எவ்வளவு தாமதம், என்ன காரணம், வேறு வழி உண்டா என்பதை இந்த வரிசையில் சொல்லி, அடுத்த அறிவிப்பு எத்தனை மணிக்கு வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த நேரம் வந்ததும், புதிய செய்தி எதுவும் இல்லாவிட்டாலும், "நிலைமை மாறவில்லை" என்றாவது அறிவிக்க வேண்டும். காத்திருப்பதைவிட, தம்மை யாரும் கண்டுகொள்ளவில்லை என்ற எண்ணமே மக்களைக் கொதிக்க வைக்கிறது. கோபத்தோடு வருபவரை இடைமறிக்காமல் முழுவதும் பேச விடுங்கள்; அவர் எங்கே, எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டு, அதற்கான வழியைத் தேடத் தொடங்கினால் பேச்சின் சூடு தானாகவே தணியும்.

உதவி தேவைப்படும் பயணியிடம், என்ன உதவி வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள், உடன் வந்தவரிடம் அல்ல. சக்கர நாற்காலியை அனுமதியின்றித் தொடக் கூடாது. பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கைக்கு மேல் அவர் பிடித்துக்கொள்ளும்படி அரை அடி முன்னால் நடங்கள். அவரை ஏற்றிவிட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. இறங்கும் நிலையத்துக்குத் தொலைபேசியில் வண்டி எண்ணையும் பெட்டி எண்ணையும் சொல்லி, பேசியவரின் பெயரைக் குறித்துக்கொண்டால்தான் அங்கே சரிவுப் பலகையோடு ஒருவர் காத்திருப்பார்.

தண்டவாளத்தில் விழுந்த பொருளை எடுக்கப் பயணியை ஒருபோதும் இறங்க விடாதீர்கள். மூன்றாம் தண்டவாளம் வழியே மின்சாரம் செல்லும் மெட்ரோக்கள் பலவற்றில் அது 750 வோல்ட். வண்டி இல்லாத நேரத்திலும் அதில் மின்சாரம் இருக்கும்.

இனிச் சொல்வதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதுகிறேன். 1987 நவம்பர் 18 மாலை, லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில், மரப்படிகள் கொண்ட எஸ்கலேட்டரின் அடியில் சேர்ந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கிலும் தூசியிலும் தீப்பற்றியது. சுமார் 7.30 மணிக்குப் பயணி ஒருவர் அதைக் கண்டு டிக்கெட் கவுன்டரில் இருந்தவரிடம் தெரிவித்தார். 7.45க்கு நெருப்பு ஒரே வீச்சில் டிக்கெட் கூடத்தைச் சூழ்ந்தது. 31 பேர் இறந்தனர். டெஸ்மண்ட் ஃபென்னல் நடத்திய விசாரணையில், ஊழியர்களுக்குத் தீயைச் சமாளிக்கும் பயிற்சி போதவில்லை என்பதும், இத்தகைய தீயைத் தீ என்றே சொல்லாமல் "புகைச்சல்" என்று குறிப்பிடும் வழக்கம் அந்த நிர்வாகத்தில் நிலவியதும் வெளிவந்தன.

ஆகவே, புகை, எரியும் வாடை, கேட்பாரற்ற பை என்று எதைப் பற்றிப் பயணி சொன்னாலும், எங்கே, எப்போது, என்ன பார்த்தார் என்ற மூன்றை மட்டும் கேட்டுக்கொண்டு, அவர் நிற்கும்போதே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுங்கள். தீ என்றால் தீயணைப்புத் துறையையும் உடனே அழைக்க வேண்டும். முதலில் நாமே போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று கிளம்புவது, கையில் இருக்கும் சில நிமிடங்களையும் தின்றுவிடும். தவறான எச்சரிக்கை ஆகிவிடுமோ என்ற கூச்சமும் வேண்டாம்.

கண்டெடுத்த பொருள்களை எண்ணிட்டு, நேரமும் இடமும் எழுதி வையுங்கள். கேட்டு வருபவரிடம் அடையாளத்தை நீங்கள் சொல்லாமல் அவரையே சொல்லச் செய்யுங்கள்.

ஷிஃப்ட் முடியும்போது கல்லாவில் பணம் குறைந்தாலும் கூடினாலும் உள்ளபடியே எழுதுங்கள். சொந்தப் பணத்தைப் போட்டுச் சரிக்கட்டினால், பிழை எங்கே நேர்ந்தது என்று தேட வழியே இல்லாமல் போகும். அடுத்து வருபவர் வந்ததும், காலையில் நீங்கள் கேட்ட அதே கேள்விகளை அவர் கேட்கும் முன்பே, லிஃப்டிலிருந்து காத்திருப்பு அறையில் இருப்பவர் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.