மாத்திரை எண்ணிப் பழகுங்கள்: பறவையைக் குரலால் அறியும் முறை

அடர்ந்த வேப்பமரத்துக்குள் ஒரு பறவை அரை மணி நேரமாகக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும். அதைக் கண்ணால் தேடுபவருக்குக் கழுத்துவலிதான் மிஞ்சும். பறவை நோக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் இருநோக்கியை வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும் என்பேன். ஊருக்குள் வாழும் பறவைகளில் பல பார்வைக்குப் படுவதைவிடக் காதுக்கே அதிகம் படுகின்றன.

தொடக்கத்தில் ஐந்து குரல்களுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். காகம், மைனா, கிளி ஆகியவற்றின் குரல்கள் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களில் மரங்கள் உள்ள எந்தத் தெருவிலும் எளிதில் கேட்கக்கூடிய குயில், செம்போத்து, தையல்சிட்டு, தவிட்டுக்குருவி, செம்மார்புக் குக்குறுவான் ஆகிய ஐந்தையும் வைத்தே இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

படி 1: ஒரே இடம், ஒரே நேரம்

மொட்டைமாடியோ, கொல்லைப்புறமோ, பூங்காவின் ஒரு கல்லிருக்கையோ, ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு விடியற்காலையில் இருபது நிமிடம் அமருங்கள். அந்த நேரத்தில் காற்றும் வண்டிகளின் இரைச்சலும் குறைவு. பறவைகளும் அப்போதுதான் மிகுதியாகக் குரல் கொடுக்கும். இடத்தை நாள்தோறும் மாற்றினால் ஒவ்வொரு நாளும் புதிய குரல்களே காதில் விழும், எதுவும் மனத்தில் தங்காது.

படி 2: பெயரைத் தேடும் முன் ஒலியை எழுதுங்கள்

இந்த முறையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஒரு குரலைக் கேட்டதும் “இது என்ன பறவை?” என்று தாவாமல், கேட்ட ஒலியை எழுத்தில் பிடிக்க முயலுங்கள். இதற்குத் தமிழ் எழுத்துகள் நன்றாகவே கைகொடுக்கின்றன. கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை; குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை; நெடில் மேலும் நீண்டால் அளபெடை. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த இந்தக் கணக்கு, பறவையின் குரலை அளக்க இவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆண்குயிலின் கூவலை எழுதிப் பாருங்கள். “கு-ஊஉ” என்று குறுகத் தொடங்கி நீண்டு மேலேறும். அடுத்த கூவல் அதைவிட உயர்ந்த சுருதியில் எழும். இப்படிச் சில கூவல்கள் படிப்படியாக ஏறி, உச்சத்தில் சட்டென்று நின்றுவிடும். செம்போத்தின் குரலோ “உப்-உப்-உப்-உப்” என்று ஆழத்திலிருந்து வரும். குறுகிய வாயுள்ள குடத்தைக் கவிழ்க்கும்போது எழும் ஓசையை அது நினைவூட்டும். தையல்சிட்டு “துவீட்-துவீட்-துவீட்” என்று ஒரே அளவில் விடாமல் அடிக்கும். தவிட்டுக்குருவிகள் தனியாக வருவது அரிது. கூட்டமாகத் தரையில் தத்திக்கொண்டே, எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பி சுழல்வதைப் போலக் கிறீச்சிடும். குக்குறுவானுடையது “டொங், டொங், டொங்” என்னும் உலோக ஒலி. கன்னார் தெருவில் செம்புப் பாத்திரத்தைச் சிறு சுத்தியலால் தட்டுவது போலிருக்கும்.

எழுதிய ஒலிக்குப் பக்கத்தில் மூன்று செய்திகளைக் குறியுங்கள்: சுருதி ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதை ஒரு கோடாக வரையுங்கள், இரண்டு ஒலிகளுக்கு இடையிலுள்ள இடைவெளி சீரானதா என்று பாருங்கள், குரல் குழலோசை போன்றதா, கரகரப்பானதா, உலோகத்தன்மை கொண்டதா என்று ஒரு சொல்லில் எழுதுங்கள். உங்கள் காதுக்கு “டொங்” என்று கேட்பது இன்னொருவருக்கு “டுக்” என்று கேட்கலாம். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், நாளையும் நீங்கள் அதே எழுத்தில் எழுதினால் போதும்.

இந்தக் குறிப்பு எங்கே பயன்படும் என்பதற்கு அக்காக்குயில் நல்ல எடுத்துக்காட்டு. அதுவும் குயிலைப் போலவே சுருதி ஏறி ஏறிக் கத்திச் சட்டென்று நிறுத்தும் பறவை என்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். ஆனால் குயிலின் கூவலில் இரண்டு அசைகள், அக்காக்குயிலின் குரலில் மூன்று. ஏட்டில் எழுதியிருந்தால் ஒரே பார்வையில் வேறுபாடு விளங்கிவிடும்.

படி 3: குரலுக்கு உரியவரைக் கண்ணால் பாருங்கள்

ஒவ்வொரு குரலையும் ஒருமுறையாவது பறவையோடு பொருத்திப் பார்த்தாக வேண்டும். இரு உள்ளங்கைகளையும் காதுகளுக்குப் பின்னால் குவித்து, தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்பினால் ஒலி வரும் திசை தெளிவாகும்.

குக்குறுவானிடம் இந்த உத்தியும் சில நேரம் தோற்கும். அது கத்தும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருப்பதால், ஒலி ஒரு கணம் அரசமரத்திலிருந்தும் மறுகணம் எதிர்வீட்டிலிருந்தும் வருவதாகத் தோன்றும். அதனால் காதை மட்டும் நம்பாமல், மரத்தின் உச்சியில் இலையில்லாமல் நிற்கும் பட்ட கிளைகளைப் பாருங்கள். சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிய, தடித்த பச்சைப் பறவை ஒன்று அங்கே அமர்ந்திருக்கும். நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, கண்ணைச் சுற்றியும் தொண்டையிலும் மஞ்சள். அதன் அலகு மூடியே இருக்கும். ஒவ்வொரு “டொங்”குக்கும் தொண்டை மட்டும் உப்பித் தாழும். அதை ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தக் குரல் பிறகு மறக்காது.

எனக்கு நேர்ந்த ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். “சிக்-சிக்-சிக்” என்று நெடுநேரம் கேட்ட ஒரு குரலைப் புதிய பறவை என்று எண்ணி இரண்டு பக்கம் குறிப்பெழுதி வைத்திருந்தேன். நான்காம் நாள் ஆளைப் பார்த்தேன். ஒவ்வொரு “சிக்”குக்கும் வாலை ஒருமுறை வெட்டி வெட்டி உதறிக்கொண்டு கிளையில் அமர்ந்திருந்தது ஓர் அணில்.

படி 4: இப்போது செயலியைத் திறங்கள்

கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி, கைப்பேசியில் ஒலியைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும். இந்த வசதி 2021-இல் வந்தது. உங்கள் பகுதிக்குரிய தொகுப்பை முன்பே இறக்கி வைத்தால் இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். அது சொல்லும் பெயரைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு சாட்சியத்தைப் போல உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள். ஜெனோ-கான்டோ இணையதளத்தில் உலகெங்கும் பதிவுசெய்யப்பட்ட பறவைக் குரல்களை இலவசமாகக் கேட்கலாம்; உங்கள் ஊருக்கு அருகில் பதிவானவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டிலும் ஒலி ஒரு படமாகவும் ஓடும். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி. குக்குறுவானின் குரல் அதில் ஒரே உயரத்தில் சீராக வைத்த புள்ளிகளாகவும், குயிலின் கூவல் ஏறும் படிக்கட்டாகவும் தெரியும். இரண்டாம் படியில் நீங்கள் வரைந்த கோட்டை இதனோடு வைத்துப் பாருங்கள்.

பதிவுசெய்த குரலைப் பறவைக்கே கேட்கும்படி ஒலிபெருக்கியில் போடாதீர்கள். தன் இடத்துக்குப் போட்டியாளன் வந்துவிட்டதாக எண்ணி, கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு அது விரட்டவரும். கூடுகட்டும் காலத்தில் அதற்கு இது பெருந்தொல்லை.

ஏமாறும் இடங்கள்

கரிச்சான் எனப்படும் இரட்டைவால் குருவி, வல்லூறின் குரலை அப்படியே எடுத்துக் கத்தக்கூடியது. எனவே வல்லூறின் குரல் கேட்டதும் பெயரை எழுதிவிடாமல், மின்கம்பியில் கரிச்சான் ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, ஒரே பறவைக்குப் பல குரல்கள் உண்டு. ஆணும் பெண்ணும் வேறு வேறாகக் கத்துவதும் உண்டு. என் ஏட்டில் ஒரு சித்திரை மாதத்தில் “கிக்-கிக்-கிக்-கிக், விரைவு, கூர்மை, பறந்துகொண்டே” என்று எழுதிய வரிக்கு நேரே பெயர் எழுத வேண்டிய இடம் ஓராண்டு வெறுமையாகவே கிடந்தது. அடுத்த பங்குனியில் இரண்டு காகங்கள் துரத்த, உடலெங்கும் வெண்புள்ளிகள் கொண்ட பழுப்புப் பறவை ஒன்று அதே குரலை எழுப்பியபடி எங்கள் மாடியைக் கடந்து பறந்தது. காகத்தின் கூட்டில் முட்டையிட வந்த பெண்குயில் அது.