மேற்கத்திய செவ்வியல் இசை வரலாறு: படிக்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கத்திய செவ்வியல் இசையின் வரலாற்றைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். புதிதாக வந்து சேரும் மாணவர்களின் குறிப்பேட்டைத் திறந்தால், முதல் பக்கத்தில் அநேகமாக ஒரே அட்டவணைதான் இருக்கும்: 1400 வரை மத்திய காலம், 1600 வரை மறுமலர்ச்சிக் காலம், 1750 வரை பரோக், 1820 வரை கிளாசிக்கல், 1900 வரை ரொமான்டிக், அதன்பின் நவீன காலம். நான் மாணவனாக இருந்தபோது மனப்பாடம் செய்ததும் இதைத்தான். பெயர்களின் உச்சரிப்பு பிசகுவது, ஆண்டுகள் மாறிப்போவது, சொனாட்டாவையும் கன்செர்ட்டோவையும் குழப்பிக்கொள்வது போன்றவை கேட்கக் கேட்கச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். எவ்வளவு கேட்டாலும் சரியாகாமல், காதையே தவறான வழியில் பழக்கிவிடும் சில தவறுகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1750ஆம் ஆண்டைச் சுவராகக் கொள்வது

யோகான் செபாஸ்டியன் பாக் 1750 ஜூலை 28 அன்று லைப்சிக் நகரில் காலமானார். பாடநூல் எழுதுபவருக்கு ஓர் அத்தியாயத்தை முடித்து அடுத்ததைத் தொடங்க இது வசதியான நாள். அந்த வசதியை மாணவர்கள் வரலாற்று உண்மையாக எடுத்துக்கொள்கிறார்கள். ஜூலை 27 வரை ஐரோப்பா முழுவதும், ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் பியூக் இசை ஒலித்ததாகவும், ஜூலை 29 முதல் தெளிவான மெட்டும் சீரான இசைச் சொற்றொடர்களும் கொண்ட புதிய இசை பிறந்ததாகவும் அவர்கள் மனத்தில் பதிந்துவிடுகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். காரணம், இதைச் செய்பவர்கள் சோம்பேறிகள் அல்லர்; அட்டவணையை நம்பி உழைப்பவர்களே இதில் ஆழமாகச் சிக்கிக்கொள்கிறார்கள்.

ஒருமுறை வகுப்பில் பெயர் சொல்லாமல் இரண்டு பகுதிகளை ஒலிக்கவிட்டு, காலத்தை ஊகித்து எழுதச் சொன்னேன். முதலாவது ஐந்து குரல்களுக்கான ஒரு கோரஸ். அதன் நடுவே பழைய கிரகோரிய ஆலயப் பாடலின் மெட்டு பாஸ் குரலிலும் ஆல்டோ குரலிலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்து, பின்னர் டெனர் குரலில் இருமடங்கு நீண்ட சுரங்களாக விரிந்தது. இரண்டாவது ஒரு நகைச்சுவை நாடகப் பாட்டு. வயலின்கள் சின்னஞ்சிறு சொற்றொடர்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல, பாஸ் அமைதியாக நின்று துணை செய்தது. வகுப்பிலேயே கூர்மையான காது கொண்ட ஒரு மாணவி, முதலாவதற்கு ‘மறுமலர்ச்சிக் காலத்தின் இறுதி’ என்றும் இரண்டாவதற்கு ‘1770ஐ ஒட்டி’ என்றும் எழுதியிருந்தார். உண்மையில் முதலாவது, பாக் 1749 வாக்கில் முடித்த பி மைனர் மாஸில் (மாஸ் என்பது திருப்பலி வழிபாட்டுக்கான இசை) வரும் ‘கான்ஃபிதெயோர்’. இரண்டாவது, 1733இல் நேப்பிள்ஸில் மேடையேறிய பெர்கொலேசியின் ‘லா செர்வா பத்ரோனா’. அதாவது ‘பழையது’ என்று காது சொன்னது பதினாறு ஆண்டுகள் பிந்தையது. ‘புதியது’ என்று சொன்னது முந்தையது. அந்த மாணவியின் காதில் குறையில்லை. அவர் கேட்ட பழமையும் புதுமையும் அந்த இசையில் மெய்யாகவே இருக்கின்றன. ஆனால் விடையைச் சொன்னதும் அவர் தந்த பதில், “அப்படியானால் இவை இரண்டும் விதிவிலக்குகள், சார்.” அட்டவணை பிழையாக இருக்கலாம் என்ற ஐயமே அவருக்கு எழவில்லை.

இவை விதிவிலக்குகள் அல்ல என்பதற்குப் பாக்கின் கடைசிப் பத்தாண்டு ஒன்றே போதும். 1740களின் தொடக்கத்தில் அவர், 1594இல் மறைந்த ரோமாபுரி இசையாளர் பலஸ்த்ரீனாவின் மாஸ் ஒன்றை எடுத்து, காற்றுக்கருவிகளும் அடிக்குரலைத் தாங்கிச் செல்லும் தொடர்பாஸ் துணையும் சேர்த்துத் தம் தேவாலயத்துக்காகத் தயாரித்தார். அதே பத்தாண்டின் நடுவில், 1736இல் 26 வயதில் இறந்துபோன பெர்கொலேசியின் ‘ஸ்தாபத் மாத்தர்’ இசையை எடுத்து, விவிலியத்தின் 51ஆம் சங்கீதத்தின் ஜெர்மன் வடிவத்தை அதற்குப் பொருத்தி, வயோலாவுக்குத் தனி வழி எழுதிச் சேர்த்தார். ஒரே மனிதரின் எழுதுமேசையில், நூற்றைம்பது ஆண்டுகள் பழைய ரோமாபுரி இசையும் அன்றைய புதுமையான நேப்பிள்ஸ் இசையும் பக்கம் பக்கமாகக் கிடந்தன. 1747 மே மாதம் அவர் பொட்ஸ்டாமுக்குச் சென்று இரண்டாம் ஃப்ரெடரிக் மன்னரின் முன்னிலையில் சில்பர்மன் செய்த பியானோக்களை வாசித்தார். மன்னர் தந்த கருப்பொருளைக் கொண்டு அவர் அச்சிட்ட ‘இசைக் காணிக்கை’யில் ஆறு குரல்களில் பின்னப்பட்ட பழைய பாணி ரிசெர்கார் ஒன்றும், அரண்மனைச் சுவைக்கேற்பப் பெருமூச்சுப் போன்ற சொற்றொடர்கள் கொண்ட, புல்லாங்குழல் இடம்பெறும் ஒரு ட்ரியோ சொனாட்டாவும் உள்ளன. இந்த மனிதரைப் பழமையின் கடைசிக் காவலராக மட்டும் அட்டவணையில் நிறுத்துவது பெரிய அநியாயம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 1737இலேயே ஷைபே என்ற இளம் இசையாளர் ஹாம்பர்க்கிலிருந்து வெளியிட்ட இதழில், பாக்கின் இசை ஆடம்பரமும் சிக்கலும் மிகுந்து இயல்பை இழந்துவிட்டதாகக் குறைகூறினார். 1742இல் பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் எமானுவேல் வெளியிட்ட ‘பிரஷ்ய சொனாட்டா’க்களில் தந்தையின் பின்னல் நடை ஏறத்தாழ இல்லை. மிலானில் சம்மார்த்தினி 1730களிலேயே சிம்பொனிகள் எழுதிக்கொண்டிருந்தார். டெலிமான் என்ற இசையாளரோ 1681இல் பிறந்து 1767 வரை வாழ்ந்து, தம் ஒரே வாழ்நாளில் நடையை மாற்றிக்கொண்டே சென்றார். இவர்களுள் யாரும் 1750க்காகக் காத்திருக்கவில்லை.

இந்தத் தவறுக்கு மாணவர் கொடுக்கும் விலை பிற்காலத்து இசையைக் கேட்கும்போதுதான் தெரியும். ஹைடன் 1772இல் எழுதிய ஓபஸ் 20 தந்திக்கருவி நால்வர் இசைகளில் மூன்று ஏன் பியூக்கில் முடிகின்றன? 1788இல் மோட்சார்ட் எழுதிய ‘ஜூபிட்டர்’ சிம்பொனியின் இறுதிப் பகுதியில் ஐந்து கருப்பொருள்கள் ஏன் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னப்படுகின்றன? பீத்தோவன் தம் இறுதி ஆண்டுகளில் ‘பெரும் பியூக்’ ஏன் எழுதினார்? சுவரை நம்புகிறவர், ‘பரோக்குக்குத் திரும்பிப் போனார்கள்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். திரும்பிப் போக அங்கே எதுவும் அறுபடவில்லை. வியன்னா அரசவை இசைத் தலைவரான ஃபூக்ஸ், பலஸ்த்ரீனாவைக் குருவாக நிறுத்தி 1725இல் வெளியிட்ட கவுன்டர்பாயின்ட் (குரல்களைப் பின்னி எழுதும் கலை) நூலைக் கொண்டுதான் ஹைடன் தம்மைத் தாமே பயிற்றுவித்துக்கொண்டார். 1790களில் பீத்தோவன் அதே பயிற்சிகளை ஹைடனிடமும் பின்னர் ஆல்பிரெக்ட்ஸ்பெர்கரிடமும் செய்தார். தேவாலயங்களுக்கு மாஸ் எழுதுகிறவர் பியூக் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நூற்றாண்டு முழுவதும் நீடித்தது. நாடக அரங்கில் ஒரு நடை, ஆலயத்தில் ஒரு நடை, பாடம் படிக்கும் மேசையில் ஒரு நடை என்று ஒரே நகரத்தில் மூன்றும் சேர்ந்தே வாழ்ந்தன. இதை அறியாத மாணவர், கிளாசிக்கல் காலத்து இசையின் பாதி எலும்புக்கூட்டைக் கேட்காமலே அதை ‘எளிமையானது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்.

மாற்றுவழி சிரமமானதன்று. காலத்தை நூற்றாண்டுகளாக வெட்டாமல், ஒரு சில ஆண்டுகளை எடுத்துக்கொண்டு நகரம் நகரமாகச் செல்லுங்கள். எடுத்துக்காட்டாக 1741, 1742ஆம் ஆண்டுகளை வைத்துக்கொள்வோம். லண்டனில் ஹேண்டல் ‘மெஸ்ஸையா’வை எழுதுகிறார், அது மறு ஆண்டு ஏப்ரலில் டப்ளினில் அரங்கேறுகிறது. லைப்சிக்கில் வாழும் பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ அச்சாகிறது. பெர்லினில் வாழும் அவர் மகனின் சொனாட்டாக்கள் வெளிவருகின்றன. ஸ்பெயின் அரசவையில், பாக்கும் ஹேண்டலும் பிறந்த அதே 1685இல் பிறந்த தொமேனிகோ ஸ்கார்லாத்தி, அவ்விருவர் சாயலும் இல்லாத ஹார்ப்சிகார்ட் சொனாட்டாக்களை எழுதிக்கொண்டிருக்கிறார். மன்ஹைமில் ஸ்தாமிட்ஸ் அரசவை இசைக்குழுவில் பணியைத் தொடங்குகிறார். வியன்னாவில் சிறுவன் ஹைடன் பேராலயத்துப் பாடகர் குழுவில் பாடுகிறான். இவற்றை ஒரே வாரத்தில் கேட்ட மாணவர் யாரும் அதன்பின் 1750ஆம் ஆண்டின் கீழ் தடித்த கோடு போட்டு நான் பார்த்ததில்லை.

1600ஆம் ஆண்டும் அவ்வாறே

மொன்டெவெர்டி 1610இல் வெனிசில் அச்சிட்ட ஒரே தொகுதியில், பழைய நடையிலான ஆறு குரல் மாஸும் புதிய நடையில் துள்ளும் மாலை வழிபாட்டு இசையும் சேர்ந்திருக்கின்றன. அந்தத் தொகுதியைக் கேளுங்கள்.

பாக்கிலிருந்து வரலாற்றைத் தொடங்குவது

பியானோ, வயலின் தேர்வுகளுக்குப் படித்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். தேர்வுப் பாடங்கள் பாக்கின் காலத்தை ஒட்டித் தொடங்குவதால் இசையும் அங்கேதான் தொடங்கியது என்று எண்ணிவிடுகிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் அரெட்சோ நகரத்துத் துறவி குய்தோ, கோடுகளின்மேல் சுரங்களை நிறுத்தி எழுதும் முறையையும், உத், ரே, மி, ஃபா, சோல், லா என்ற பாடும் அசைகளையும் நிலைநிறுத்தினார். கேட்டறியாத மெட்டை ஏட்டைப் பார்த்தே பாடலாம் என்ற நிலை அதனால் உருவாயிற்று. பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் லெயோனினும் அவருக்குப் பின் பெரோத்தினும் அந்த அடித்தளத்தின்மேல் குரல்களை அடுக்கினார்கள். 1198இல் பாரிஸ் ஆயர் வெளியிட்ட ஆணையிலேயே நான்கு குரல் இசை குறிப்பிடப்படுகிறது. பெரோத்தினின் ‘விதெருந்த் ஒம்னெஸ்’ ஒலிப்பதிவைப் போட்டால், ஒரே ஓர் அசையின்மேல் நிமிடக்கணக்கில் நிற்கும் கீழ்க்குரலுக்கு மேலே மூன்று குரல்கள் சுழன்று ஆடுவதைக் கேட்கலாம். 1501இல் பெத்ரூச்சி வெனிசில் பல குரல் இசையை அச்சிடத் தொடங்கியதும் ஒரு நகரத்து இசை மற்ற நகரங்களுக்கு விரைவில் பரவியது. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளின் உழைப்பை முன்னுரை என்று தள்ளிவிட்டுப் படிப்பவருக்குப் பாக்கின் கைத்திறன் மந்திரமாகத்தான் தோன்றும். அது எங்கிருந்து வந்தது என்று விளங்காது.

பாக் முற்றிலும் மறக்கப்பட்டிருந்தார் என்று நம்புவது

மெண்டல்சன் 1829 மார்ச் 11 அன்று பெர்லினில் பாக்கின் ‘புனித மத்தேயு பாடுகள்’ இசையை நடத்தியது பெருநிகழ்வு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு முந்தைய எண்பது ஆண்டுகளும் இருள் என்று எழுதுவது பிழை. சிறுவன் பீத்தோவன் பான் நகரில் பாக்கின் ‘வெல்-டெம்பர்ட் கிளவியர்’ தொகுப்பை வாசித்து வந்ததை 1783இல் வெளிவந்த ஓர் இதழ்க் குறிப்பே சொல்கிறது. மோட்சார்ட் 1782இல் வியன்னாவில் ஃபான் ஸ்வீட்டன் பிரபுவின் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கூடல்களில் பாக்கையும் ஹேண்டலையும் வாசித்தார். ஃபோர்கெல் எழுதிய பாக் வரலாறு 1802இல் வந்துவிட்டது. இசை கற்றோர் வட்டத்தில் பாக் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார். மெண்டல்சன் மீட்டது அவருடைய பெரிய பாடற்குழு இசையை, அதுவும் கணிசமாகச் சுருக்கிய வடிவில், பொது மேடைக்கு.

மோட்சார்ட்டுக்குச் சாலியேரி விஷம் வைத்தார், பலஸ்த்ரீனா ஒரே மாஸால் ஆலய இசையைக் காப்பாற்றினார்

இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. தேர்விலும் எழுத வேண்டாம், மேடையிலும் சொல்ல வேண்டாம்.

மேஜர் ஸ்கேலைச் சங்கராபரணமாகக் கேட்பது

கர்நாடக இசை பயின்று வருகிறவர்களுக்கே உரிய தவறு இது. சுர வரிசை ஒன்றுதான். ஆனால் முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு எழுதிய நோட்டு சுவரங்களில் ஒன்றையும், அவரே சங்கராபரணத்தில் இயற்றிய ‘அக்ஷயலிங்க விபோ’ கீர்த்தனையையும் அடுத்தடுத்துக் கேட்டால், வரிசை ஒன்றாக இருந்தும் கமகம் வந்தவுடன் இசை வேறாகிவிடுவது விளங்கும். மேற்கத்திய மரபிலோ பாரம் வேறிடத்தில் இருக்கிறது. நம்முடைய ஷட்ஜம் கச்சேரி முழுவதும் அசையாது. ஹைடனின் சிம்பொனியில் முதல் பகுதி தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஆதார சுரம் பஞ்சமத்துக்குப் பெயர்ந்து, பல இடங்கள் அலைந்து, வீடு திரும்புகிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டுவரை இந்த வரலாற்றின் பெரும்பகுதி அந்தப் பயணம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பற்றியதே. ஸ்கேலை ராகமாகக் கேட்கிறவர் மெட்டில் கமகத்தைத் தேடி ஏமாந்து, ஆதார சுரம் நகர்வதைத் தவறவிடுகிறார்.

இன்றைய பியானோவை வைத்து அன்றைய இசையை எடைபோடுவது

1700ஐ ஒட்டிப் புளோரன்சில் கிறிஸ்தொஃபோரி செய்த பியானோவுக்கும் இன்று மேடையில் நிற்கும் இரும்புச் சட்டம் கொண்ட கருவிக்கும் இடையே தொடர்ந்த மாற்றங்கள் உண்டு. பீத்தோவனின் தொடக்க கால சொனாட்டாக்கள் ஐந்து ஸ்தாயி (ஆக்டேவ்) எல்லைக்குள் அடங்கியிருப்பதற்குக் காரணம் அன்றைய வியன்னாக் கருவியின் விசைப்பலகை நீளம்தான். 1803இல் எரார் நிறுவனத்தின் பெரிய கருவி அவருக்குக் கிடைத்தபின் எழுதிய ‘அப்பாசியோனாத்தா’வில் மேல்சுரங்கள் விரிகின்றன. 1801இல் எழுதிய ‘மூன்லைட்’ சொனாட்டாவின் முதல் பகுதியை, அதிர்வை அடக்கும் பஞ்சுக் கட்டைகளை முழுவதும் தூக்கிவைத்து வாசிக்குமாறு அவர் குறித்திருக்கிறார். இன்றைய கருவியில் அப்படியே செய்தால் ஒலிகள் ஒன்றோடொன்று கலங்கிப் போகும் என்பதால், பல மாணவர்கள் அக்குறிப்பைப் பீத்தோவனின் விசித்திரம் என்று ஒதுக்குகிறார்கள். ஒலி விரைவில் தேய்ந்துவிடும் பழைய வியன்னாப் பியானோவில் செய்த பதிவு ஒன்றையும், இன்றைய பியானோவில் செய்த பதிவு ஒன்றையும் அச்சிட்ட பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தடுத்துக் கேளுங்கள். அந்தக் குறிப்பு எந்தக் கருவிக்காக எழுதப்பட்டது என்பது முதல் சில வரிகளிலேயே தெரிந்துவிடும்.