செவி 350-க்கு அலுமினிய ஹெட் மாட்டும்போது

செவர்லே 350 ஸ்மால் பிளாக் என்ற V8 எஞ்சினுக்கு ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) வாங்கும்போது பெரிய போர்ட்டுக்கு (ஹெட்டுக்குள் காற்று போகும் வழி) ஆசைப்படாதீர்கள். ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு 180 சிசி இன்டேக் (காற்று உள்ளே வரும் பக்க) போர்ட் தாராளம். 220-க்குப் போனால் குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை செத்துவிடும்.

நான் முதலில் பார்ப்பது சேம்பர் (ஹெட்டில் எரிபொருள் எரியும் குழிவு) அளவை. எழுபதுகளின் ஹெட்கள் பலவற்றில் 76 சிசி. அதே தட்டை பிஸ்டனுக்கு மேல் 64 சிசி ஹெட் வந்தால் கம்ப்ரஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 8.5-லிருந்து 9.6 அருகே ஏறும்.

அப்புறம், வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று பார்த்தே ஆகவேண்டும். ஒரு சிலிண்டரின் பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, லேசாக எண்ணெய் தடவுங்கள். ஹைட்ராலிக் லிஃப்டர் (கேம் தண்டின் அசைவை வால்வு பக்கம் கடத்தும், எண்ணெய் நிரம்பிய பாகம்) அமுங்கி அளவைக் கெடுக்கும். அந்த சிலிண்டருக்கு மட்டும் அமுங்காத சாலிட் லிஃப்டர் போடுங்கள். கேஸ்கெட், ஹெட், ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) எல்லாம் மாட்டி கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் நிறுத்துங்கள், பலம் காட்டாதீர்கள். கழற்றி, களிமண்ணை பிளேடால் வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளங்கள்; அதுதான் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி. இன்டேக் வால்வில் 0.080 அங்குலம், எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வில் 0.100 இருந்தால் நிம்மதி.

லிஃப்டரிலிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்ராட்டின் நீளத்தையும் புதிதாக அளங்கள். பழையது பொருந்தும் என்று நம்பவே கூடாது.

ஹெட்டை மாட்ட ஒரு பக்கத்துக்கு 17 போல்ட். அவை தண்ணீர் ஓடும் அறைக்குள் இறங்குவதால் மரையில் சீலர் தடவுங்கள். அலுமினியத்தை போல்ட் தலை கடிக்காமல் இருக்க, கடினப்படுத்திய வாஷர் வேண்டும். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, மூன்று கட்டமாக, ஹெட்டோடு வரும் தாளில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள்.