கங்காரு பராமரிப்பு: எடை குறைந்த குழந்தையை அம்மாவின் மார்பில் கட்டுவது எப்படி?

பச்சிளம் குழந்தை வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ்களுக்கும், குறைமாதத்தில் குழந்தை பெற்ற அம்மாக்களுக்கும் இதை எழுதுகிறேன்.

எப்போது தொடங்குவது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 'குழந்தை கொஞ்சம் தேறட்டும், அப்புறம் அம்மாவிடம் கொடுக்கலாம்' என்று வார்மரிலேயே (குழந்தைக்குச் சூடு தரும் படுக்கை) வைத்திருப்பதுதான் வெகுகாலமாக வழக்கம். 2021-ல் வெளியான ஓர் ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த 3,211 குழந்தைகளைக் கவனித்தார்கள், டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் உண்டு. பிறந்ததுமே கங்காரு பராமரிப்பு தொடங்கிய குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம், தேறும்வரை காத்திருந்தவர்களில் 15.7 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனமும், பிறந்ததுமே தொடங்குங்கள், ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டது. தானாக மூச்சுவிட முடியாத, வென்டிலேட்டர் தேவைப்படுகிற, ரத்த ஓட்டம் ஆபத்தாகக் குறைந்து 'ஷாக்' நிலையில் இருக்கிற குழந்தைகள் மட்டும் விதிவிலக்கு.

சரி, செய்முறைக்கு வருவோம். அம்மாவுக்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி போதும். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின், அவ்வளவுதான், வேறு துணி வேண்டாம், தோலோடு தோல் ஒட்டினால்தான் சூடு ஏறும்.

அம்மாவைச் சாய்வாக உட்காரவையுங்கள். குழந்தையை இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி, கால்களைத் தவளை மாதிரி மடக்கி, கைகளையும் மடக்கி வையுங்கள்.

இனி கழுத்து. இங்கே அவசரப்படாதீர்கள், ஏனென்றால் குறைமாதக் குழந்தையின் கழுத்து முன்னால் மடங்கினாலும் சரி, பின்னால் அதிகம் வளைந்தாலும் சரி, மூச்சுக்குழாய் அடைபடும். தலை ஒரு பக்கம் திரும்பி, லேசாக நிமிர்ந்து, மூக்கும் வாயும் வெளியே தெரிய வேண்டும், அம்மா குனிந்து பார்த்தால் முகம் தெரிய வேண்டும்.

அப்புறம் துணியால் கட்டுங்கள். துணியின் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே வரட்டும். நெஞ்சுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்வு, வயிறு அழுந்தினால் குழந்தையால் நன்றாக மூச்சுவிட முடியாது. கட்டியதும் அம்மாவை மெதுவாக எழுந்து நிற்கச் சொல்லுங்கள், குழந்தை நழுவினால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

அக்குளில் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். மூச்சு நின்று நின்று வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, உடம்பு துவண்டாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அம்மா குளிக்கவும் சாப்பிடவும் போக வேண்டுமே? அந்த நேரத்தில் அப்பாவோ பாட்டியோ கட்டிக்கொள்ளலாம், அவர்கள் உடம்பிலும் அதே சூடுதான். தயங்கி நிற்கும் அப்பாக்களை நீங்களே கூப்பிட்டு உட்காரவையுங்கள். எடை 2.5 கிலோவை நெருங்கும்போது குழந்தையே நெளிந்து, கையை காலை வெளியே இழுக்க ஆரம்பிக்கும், அப்போது நிறுத்திக்கொள்ளலாம்.