திருகோணமலைப் பள்ளிக்கூடங்களில அகிம்சை தினம் செய்யிற ஒரு வழி

ஒக்டோபர் 2 சர்வதேச அகிம்சை தினம் எண்டா காந்தி படத்துக்கு மாலை போட்டு ரெண்டு பேச்சோட முடிக்கிறதுதான் கனக்க இடத்தில நடக்குது, அதை விட்டிட்டு இந்த நாள் எப்பிடி வந்தது எண்டதைப் பிள்ளையளுக்குக் கதையாச் சொல்லிப் பாருங்கோ. 1ஆம் திகதி சிறுவர் தினம், 6ஆம் திகதி ஆசிரியர் தினம், அதால பெரிய விழா வைக்கேலாது, ஒரு பாடநேரம் கேட்டு எடுத்தாக் காணும். மழை தொடங்கிற காலம், கிரவுண்டை நம்பாம ஹோலுக்குள்ள வையுங்கோ.

ஒரு உலகப் படம், நூல், குண்டூசி வேணும், கதை நடந்த ஊர்களில ஊசி குத்தி நூலால தொடுக்கிறதுக்கு. முதல் ஊசி தென்னாபிரிக்காவில, காந்தி அப்ப இருந்த ஜொகனஸ்பர்க்கில. 1906 செப்டம்பர் 11, எம்பயர் தியேட்டரில இந்தியர் கூடி, ஆசியர் எல்லாரும் பதிஞ்சு கைரேகை குடுக்கோணும் எண்ட சட்டத்துக்குப் பணியமாட்டம் எண்டு உறுதி எடுத்தவை. கூட்டத்துக்குத் தலைவர் அப்துல் கனி, கடவுளைச் சாட்சி வைச்சுச் சத்தியம் செய்வம் எண்டு எழும்பிச் சொன்னது ஹாஜி ஹபீப் எண்ட வியாபாரி. இதைத் தயவுசெய்து விட்டிடாதேங்கோ, காந்தி தனிய செய்தார் எண்டு சொன்னா கதை அரைவாசிதான், எங்கட ஊரில கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பிள்ளையளும் உப்புவெளித் தமிழ்ப் பிள்ளையளும் பக்கத்தில இருந்து கேக்கோணும். பிறகு தில்லையாடி வள்ளியம்மை, தென்னாபிரிக்காவில இருந்த தமிழ்ப் பிள்ளை. காந்தியோட சேர்ந்து போராடி ஜெயிலுக்குப் போய் காய்ச்சலோட வெளிய வந்து 1914 பெப்ரவரி 22 இறந்தவா, வயசு 16, ஓஎல் எழுதிற வயசு. இதைச் சொல்லிப்போட்டுக் கொஞ்சம் பேசாம நில்லுங்கோ, கேள்வி தானா வரும்.

அடுத்த ஊசி பரிஸ். அகிம்சைக்கு ஒரு நாள் வேணும் எண்டு அங்க ஹிந்தி படிப்பிச்ச ஒரு ஆசிரியர் சொன்ன யோசனையை 2004 ஜனவரியில நோபல் பரிசு எடுத்த ஈரான்காரி ஷிரின் எபாடி மும்பை உலக சமூக மன்றத்துக்குக் கொண்டு போனவா. 2007 ஜனவரியில டெல்லி சத்தியாகிரக மாநாட்டில சோனியா காந்தியும் தென்னாபிரிக்க ஆயர் டெஸ்மண்ட் டுட்டுவும் இந்த நாளை அறிவிக்கச் சொல்லி ஐநாவைக் கேக்க, ஜூன் 15 பொதுச்சபையில 140 நாடு சேர்ந்து முன்வைச்ச தீர்மானம் நிறைவேறினது, காந்தி பிறந்த நாளே திகதியாச்சு. ஐநா இருக்கிற நியூயோர்க்கில நூலை முடியுங்கோ.

சிங்களப் பள்ளிக்கூடத்தையும் கூப்பிடுறதெண்டா படத்தில ஊசி குத்தின ஊர்ப் பேரை ரெண்டு மொழியிலயும் எழுதி ஒட்டுங்கோ, பிள்ளையளே எழுதட்டும்.

ஒக்டோபரில ஏலாட்டி ஜனவரி 30ஐ எடுங்கோ, காந்தி கொல்லப்பட்ட நாள். 1964இல ஸ்பெயின்ல யொரென்ஸ் விடால் எண்டவர் பள்ளிக்கூடங்களுக்கெண்டே அகிம்சை, சமாதான நாளா அதைத் தொடக்கிவிட்டவர்.