சர்க்கரை நோயோடு ரமலான் நோன்பு

ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகிய சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பகலில் சர்க்கரை இறங்கும் ஆபத்து அதிகம். வழக்கமான காலை மாத்திரையை அப்படியே ஸஹரில் (விடியலுக்கு முன் சாப்பிடும் உணவு) போட்டுக்கொள்வதுதான் பலருக்கு வினையாகிறது: அஸர் (பிற்பகல் தொழுகை) நேரத்தில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். தினம் ஒரு வேளை மட்டும் போடும் மாத்திரை பெரும்பாலும் இஃப்தாருக்கு (மாலையில் நோன்பு திறக்கும் நேரம்) மாறும், இரு வேளை போடுபவர்களுக்கு ஸஹர் அளவு குறையும். எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்லட்டும். இன்சுலினைத் தானாக நிறுத்தவே கூடாது.

விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது, தயங்காமல் பாருங்கள். நண்பகலிலும் அஸரிலும் கட்டாயம். 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிடுங்கள், மஃரிபுக்கு (சூரியன் மறையும் நேரம்) பத்து நிமிடமே இருந்தாலும் சரி. இறங்கியிருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள்.

ஸஹரைத் தள்ளி, கடைசி நேரத்தில் சாப்பிடுங்கள். இஃப்தாரில் நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணம் போதும். கூடவே சமோசாவும் ரோஸ்மில்க்கும் சேர்ந்தால் இரவில் சர்க்கரை எகிறும்.

டயாலிசிஸ் செய்பவர்கள் நோன்பு வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. நோயாளிக்கான சலுகை குர்ஆனிலேயே (2:184) உள்ளது: குணமானால் களா (விட்ட நோன்பைப் பிறகு வைப்பது), குணமாகாத நோயென்றால் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா.